வெளியே வெயில், உள்ளே இருட்டு: பல எக்ஸ்போஷர்களைச் சேர்த்து ஒரே படமாக்குவது எப்படி?

மதுரை திருமலை நாயக்கர் மகாலில் தூண்களுக்குப் பின்னால் நிழலில் நின்று, முற்றத்தைப் பார்த்தபடி ஒரு படம் எடுங்கள். வளைவுகளில் உள்ள சுதை வேலை தெளிவாகத் தெரிந்தால் முற்றம் வெள்ளைத்தாளாகிவிடும். முற்றம் சரியாக வந்தால் தூணும் கூரையும் கரிக்கட்டை. கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கு அப்படி. ஐ.எஸ்.ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/8 என்று வைத்தால் நல்ல வெயிலுக்கு 1/400 வினாடி போதும். நிழலில் இருக்கும் கூரைக்கு அரை வினாடிக்கு மேல் வேண்டியிருக்கும். இடையில் ஏழரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு), அதாவது ஏறத்தாழ 200 மடங்கு ஒளி வித்தியாசம். வெயில் பட்ட வெள்ளைச் சுவரும் தூண் இடுக்கின் இருட்டும் இரண்டு முனையிலும் இன்னும் சில ஸ்டாப்புகளைக் கூட்டிவிடும்.

இந்த இடைவெளியை வெவ்வேறு ஷட்டர் வேகத்தில் எடுத்த நாலைந்து படங்களால் நிரப்பி ஒன்றாக்குவதுதான் எச்.டி.ஆர் (ஹை டைனமிக் ரேஞ்ச்). மகாலை இங்கே உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஜன்னலோடு சேர்த்து எடுக்கும் வீட்டுக் கூடத்துக்கும், சூரியன் எழும் கடற்கரைக்கும் இதே முறைதான்.

1. தேவையா என்று முதலில் சோதியுங்கள்

பாதி நேரம் தேவைப்படாது. ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாத சென்சார் பதிவாக) ஒரே ஒரு படம் எடுங்கள். வெளிச்சமான பகுதி வெளுத்துப் போகாத அளவுக்கு எக்ஸ்போஷரை (சென்சாரில் விழும் ஒளியின் அளவை) குறைத்து எடுக்க வேண்டும். பிறகு கணினியில் நிழல் பகுதியை மூன்று ஸ்டாப் தூக்கிப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ 100-இல் எடுத்திருந்தால் இன்றைய சென்சார்கள் பெரும்பாலும் இதைத் தாங்கும். புள்ளி புள்ளியாக இரைச்சல் வந்தாலோ, கறுப்பில் ஊதாவோ பச்சையோ தட்டினாலோதான் பல படங்கள் தேவை.

மேகமூட்டமான நாளில் வேண்டவே வேண்டாம். தேரோட்டம், சந்தை, ஓடும் குழந்தை போன்ற படங்களுக்கும் இதை மறந்துவிடுங்கள். சட்டகத்தில் பாதிக்கு மேல் நகர்கிறது என்றால் ஒரே படம்தான் வழி.

2. அனுமதி, நேரம், செலவு

புதியவர்கள் வாசலிலேயே திரும்பி வருவது ட்ரைபாட் என்ற மூன்றுகால் ஸ்டாண்டால்தான். இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள சின்னங்களில் கையில் பிடித்துப் படம் எடுக்கத் தடையில்லை. ஸ்டாண்டும் விளக்கும் வைத்து எடுப்பதென்றால் முன் அனுமதி வாங்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலும் மாமல்லபுரமும் இந்த வகை. நாயக்கர் மகால் மாநிலத் தொல்லியல் துறையின் கீழ் வருவதால் அங்கே விண்ணப்பம் வேறு கைக்குப் போகும். எந்தத் துறை என்று தெரியாமல் எழுதிப் போட்டால் கடிதம் சுற்றிக்கொண்டே இருக்கும். வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில் துறையின் பெயர் இருக்கும், அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். விண்ணப்பத்தில் நாள், நேரம், எத்தனை பேர், என்ன கருவி, படம் எதற்கு என்பதைக் குறிப்பிட்டு, அடையாள அட்டையின் நகலை இணைத்துவிடுங்கள். திருமணப் படப்பிடிப்பு, விளம்பரம் என்றால் தனி அனுமதி, தனிக் கட்டணம். மதுரை மீனாட்சி அம்மன் கோயில் போன்ற இடங்களுக்குள் கேமராவையே கொண்டுபோக முடியாது.

ட்ரைபாட் கிடையாது என்று சொல்லிவிட்டால் ஒரு துணிப்பையில் ஒன்றரைக் கிலோ அரிசியைப் போட்டுக் கட்டித் தரையில் வைத்து அதன்மேல் கேமராவை உட்கார வைக்கலாம். தாழ்ந்த கோணம் இதுபோன்ற மண்டபங்களுக்கு அழகாகவே இருக்கும்.

நேரம்: ஒரு காட்சிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள், இடம் பார்ப்பது தனி. கணினியில் முதல் படத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும், பழகிய பின் இருபது நிமிடம்.

செலவு: ரா ஃபைலும் மேனுவல் மோடும் உள்ள எந்தக் கேமராவும் போதும். மென்பொருளுக்குப் பணமே இல்லாமல் முடித்துவிடலாம். டார்க்டேபிள், ஹக்கின், எச்.டி.ஆர் மெர்ஜ், லூமினன்ஸ் எச்.டி.ஆர், ஜிம்ப் எல்லாம் இலவசம். லைட்ரூம் சந்தாக் கட்டணத்தில் வருவது. ஃபோட்டோமேட்டிக்ஸைப் பணம் கட்டாமல் சோதிக்கலாம், ஆனால் படத்தின்மேல் முத்திரை விழும். காசு செலவழிப்பதாக இருந்தால் முதலில் ஆடாத ட்ரைபாடுக்குச் செலவழியுங்கள்.

3. கேமரா அமைப்பு

ஒரு தொடரில் ஷட்டர் வேகம் மட்டும்தான் மாற வேண்டும். மற்ற எல்லாவற்றையும் பூட்டிவிடுங்கள்.

மோடு: மேனுவல். ஃபைல்: ரா. ஐ.எஸ்.ஓ: 100. ஆட்டோ ஐ.எஸ்.ஓ அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் ஷட்டரை மாற்ற மாற்ற அது ஐ.எஸ்.ஓ-வை எதிர்ப்பக்கம் மாற்றி, ஐந்து படத்தையும் ஒரே வெளிச்சத்தில் தந்துவிடும்.

அப்பர்ச்சர்: எஃப்/8. படத்துக்குப் படம் அப்பர்ச்சரை மாற்றி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கக் கூடாது. மாற்றினால் பின்னணியின் தெளிவு ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், சேர்க்கும்போது விளிம்புகள் இரட்டையாகும். எஃப்/16-க்கு மேல் போனால் சென்சார் தூசு ஆகாயத்தில் புள்ளியாகத் தெரியும், கூர்மையும் குறையும்.

ஃபோகஸ்: ஆட்டோவில் ஒரு தூணைப் பிடித்துவிட்டு மேனுவலுக்குத் தள்ளிவிடுங்கள். ஒயிட் பேலன்ஸ்: 'டேலைட்' என்று நிறுத்துங்கள். ட்ரைபாடில் இருந்தால் லென்ஸின் ஸ்டெபிலைசேஷனை அணைக்கவும், இல்லாத ஆட்டத்தைத் தேடி அதுவே ஆட்டும். நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் குறைப்பையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஒவ்வொரு நீளமான படத்துக்குப் பின்னும் அதே அளவு நேரம் காத்திருக்க வைக்கும், அதற்குள் மேகம் நகர்ந்துவிடும்.

4. எத்தனை படம் என்று எண்ணுவது

'மூன்று படம், இரண்டு ஸ்டாப் கூட, இரண்டு ஸ்டாப் குறைய' என்ற சூத்திரத்தைப் பலரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். மாலை வானத்துக்கு அது போதும். மகாலுக்குள் நின்றால் போதாது. எண்ணிக்கையைக் காட்சிதான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் வெயில் முனை. முற்றத்தின் மிக வெளிச்சமான சுவரைப் பார்த்து ஷட்டர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். வெளுத்த பகுதியைக் கண் சிமிட்டிக் காட்டும் எச்சரிக்கை நிற்கும்வரை, ஹிஸ்டோகிராமின் (இருட்டு இடது, வெளிச்சம் வலது என்று காட்டும் வரைபடத்தின்) வலது ஓரத்தில் சிறிய இடைவெளி விழும்வரை. அதுதான் உங்கள் வேகமான படம். 1/400 என்று வைத்துக்கொள்வோம். சட்டகத்துக்குள் சூரியனே இருந்தால் அதன் வட்டத்தைப் பிடிக்க முயல வேண்டாம். அது வெளுத்துத்தான் இருக்கும், சுற்றியுள்ள வானம் தப்பினால் போதும்.

அடுத்து இருட்டு முனை. கூரையில் எந்த விவரம் தெரிய வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அது ஹிஸ்டோகிராமின் இடது சுவரை விட்டு நகர்ந்து நடுவை நோக்கி வரும்வரை ஷட்டரை மெதுவாக்குங்கள். அந்தப் படத்தில் முற்றம் வெளுத்துத்தான் கிடக்கும், கவலை வேண்டாம். 0.6 வினாடி என்று வருகிறது என்போம்.

இரண்டு முனைக்கும் இடையில் இரண்டு ஸ்டாப்புக்கு ஒரு படம்: 1/400, 1/100, 1/25, 1/6, 0.6. ஐந்து. ரா ஃபைலுக்கு இரண்டு ஸ்டாப் இடைவெளி போதும். ஒரு ஸ்டாப்புக்கு ஒன்று என்று ஒன்பது படம் எடுப்பதால் தரம் பெரிதாகக் கூடாது, நகரும் பொருள்களின் தொல்லைதான் கூடும். மூன்று ஸ்டாப் விட்டால் இரண்டு படங்கள் சந்திக்கும் இடத்தில் இரைச்சல் பட்டையாகத் தெரியலாம்.

கேமராவின் ஹிஸ்டோகிராம் ஜேபெக்கை வைத்துப் போடப்படுவது. பிக்சர் ஸ்டைலை 'நியூட்ரல்' ஆக்கிவைத்தால் ரா ஃபைலில் உண்மையில் இருப்பதற்கு நெருக்கமாகக் காட்டும்.

இனி பிராக்கெட்டிங் வசதி, அதாவது எக்ஸ்போஷரை மாற்றி மாற்றிக் கேமராவே தொடராக எடுப்பது. இது கேமராவுக்குக் கேமரா மாறும், வாங்கும்போது யாரும் சொல்ல மாட்டார்கள். கேனான் 1500டி ஒரு தடவைக்கு மூன்று படம்தான் தரும், அதிகபட்சம் இரண்டு ஸ்டாப் இடைவெளி. அதில் ஐந்து படம் வேண்டுமென்றால் இரண்டு தொகுப்பு எடுங்கள். முதல் தொகுப்பின் நடு 1/100, இரண்டாவதன் நடு 1/6. 1/25 இரண்டு முறை வரும், ஒன்றைத் தள்ளிவிடலாம். நிக்கான் டி3500-இல் தானியங்கி பிராக்கெட்டிங்கே கிடையாது. கையால் சக்கரத்தைத் திருப்ப வேண்டியதுதான். ஒரு 'டக்' என்பது மூன்றில் ஒரு ஸ்டாப், ஆகவே ஆறு 'டக்' என்றால் இரண்டு ஸ்டாப். கேமராவை அழுத்தாமல் விரல் நுனியால் திருப்புங்கள்.

5. எடுக்கும்போது

ஏசி அறையிலிருந்தோ ஏசி காரிலிருந்தோ நேராக வெளியே வந்தால் லென்ஸில் பனி படியும். அரை மணி நேரம் பைக்குள்ளேயே விட்டு வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள். துணியால் துடைத்துக்கொண்டே எடுத்தால் ஐந்து படமும் ஐந்து விதமான மங்கலில் இருக்கும்.

இரண்டு வினாடி டைமர் வையுங்கள். கேனானில் பிராக்கெட்டிங்கோடு டைமரும் போட்டால் மூன்று படத்தையும் தானாகவே அடுத்தடுத்து எடுத்துவிடும். டி.எஸ்.எல்.ஆர் என்றால் லைவ் வியூவில் எடுங்கள், கண்ணாடி எழும் அதிர்வு குறையும். கழுத்துப்பட்டை காற்றில் ஆடினால்கூட அரை வினாடிப் படம் கலங்கும், அதைக் கழற்றிவிடலாம்.

ஒவ்வொரு தொடருக்கும் முன்னும் பின்னும் உள்ளங்கையை லென்ஸின் முன்னால் காட்டி ஒரு படம் எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து அறுபது ஃபைலைப் பார்க்கும்போது எது எந்தத் தொடர் என்ற குழப்பமே வராது. எந்த விலை உயர்ந்த மென்பொருளும் தராத வசதி இது.

மகாலில் புறாக்கள் இருக்கும், பார்வையாளர்களும் நடப்பார்கள். தொடர் முடிந்ததும் நடு எக்ஸ்போஷரில் இன்னும் மூன்று நான்கு படங்களை, ஆள் நகர நகர, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒட்டுப் போட உதவும். கடற்கரை என்றால் அலைக்கென்று பிடித்த வடிவில் தனியாக ஒரு படம்.

வெயில் மேகத்துக்குள் போய் வந்தால் அந்தத் தொடரை முழுதாகத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எடுங்கள். விடுபட்ட ஒன்றை மட்டும் எடுத்துச் சேர்த்தால் நிழல்களின் ஓரம் பொருந்தாது.

உள்ளே விளக்கு எரிகிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுக்கும். 1/100-ஐ விட வேகமான ஷட்டரில் பட்டை பட்டையாகவோ நிறம் மாறியோ விழலாம். நம் தொடரில் 1/400 படத்திலிருந்து வெயில் பகுதி மட்டும்தான் எடுக்கப்படும் என்பதால் பெரும்பாலும் பாதிப்பில்லை. எல்லா வெளிச்சமும் விளக்கிலிருந்தே வரும் அறையில் மட்டும் ஐ.எஸ்.ஓ-வைக் கூட்டாமல், 1/100-க்குக் கீழேயே தொடரை அமையுங்கள்.

கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும் என்றால் மூன்று படம், பர்ஸ்ட் மோடு, முதுகைத் தூணில் சாய்த்துக்கொண்டு, ஐ.எஸ்.ஓ 400. மிக மெதுவான படம் 1/15-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் மென்பொருள் பொருத்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும், ஆகவே கொஞ்சம் அகலமாகவே எடுத்துவிடுங்கள்.

6. சேர்க்கும் முன்

ஐந்து ஃபைலையும் நூறு சதவீத அளவில் திறந்து, ஒரே தூணின் ஓரத்தைப் பாருங்கள். ஒன்று கலங்கியிருந்தால் அதை எடுத்துவிடுவது நல்லது. நடுவில் ஒன்று போனால் அங்கே இடைவெளி நாலு ஸ்டாப் ஆகிவிடும், சேர்த்த பிறகு அந்த இடத்தில் இரைச்சல் வருகிறதா என்று பாருங்கள்.

எல்லாப் படத்துக்கும் ஒரே ஒயிட் பேலன்ஸ், ஒரே லென்ஸ் திருத்தம். வளைவின் ஓரத்தில் ஊதா, பச்சைக் கோடுகள் இருந்தால் இப்போதே நீக்குங்கள். சேர்த்த பிறகு அவை பெருகித் தெரியும்.

'ஆட்டோ' பொத்தானைத் தொடாதீர்கள். அது ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகச் சரிசெய்து, நீங்கள் பாடுபட்டு உண்டாக்கிய வெளிச்ச வித்தியாசத்தை அழித்துவிடும். டார்க்டேபிளில் எக்ஸ்போஷர் பகுதியில், கேமரா பதிந்த காம்பன்சேஷன் அளவைத் தானாக ஈடுகட்டும் தேர்வு ஒன்று இருக்கிறது. பிராக்கெட்டிங் படங்களுக்கு அதை அணைக்கவில்லை என்றால் இதே விபத்துதான்.

7. சேர்ப்பது

*ரா ஃபைல்களை நேரடியாகச் சேர்ப்பது.* லைட்ரூமில் ஐந்தையும் தேர்ந்து கன்ட்ரோலும் எச்-சும் அழுத்தினால் சேர்ப்புத் திரை வரும். ட்ரைபாடில் எடுத்திருந்தாலும் 'ஆட்டோ அலைன்' இருக்கட்டும். நகர்ந்தவை இரட்டையாகத் தெரிவதை நீக்கும் 'டீகோஸ்ட்' முதலில் 'நன்'. ஆளோ புறாவோ இரட்டையாகத் தெரிந்தால் மட்டும் 'லோ'. எடுத்த எடுப்பில் 'ஹை' வைத்தால் பெரிய பகுதிகளை ஒரே படத்திலிருந்து எடுத்து இரைச்சலைக் கொண்டுவரும். கிடைப்பது ரா போலவே திருத்தக்கூடிய ஒரு டி.என்.ஜி ஃபைல். அதில் எக்ஸ்போஷர் ஸ்லைடர் ஐந்துக்குப் பதில் பத்து ஸ்டாப்வரை போகும். இலவச வழியில் எச்.டி.ஆர் மெர்ஜ் இதே வேலையைச் செய்யும். டார்க்டேபிளிலும் எச்.டி.ஆர் உருவாக்கலாம், ஆனால் அது படங்களைப் பொருத்தித் தராது. ஆகவே ட்ரைபாட் படங்களுக்கு மட்டும்.

தொடக்கத்துக்கு இப்படி வைத்துப் பாருங்கள்: ஹைலைட்ஸ் மைனஸ் 60, ஷேடோஸ் பிளஸ் 35, கிளாரிட்டி 10-க்குள், சாச்சுரேஷன் பூஜ்யம். பிறகு பிளாக்ஸைக் குறைத்து எங்காவது ஓரிடத்தில் உண்மையான கறுப்பு வரச் செய்யுங்கள்.

*எக்ஸ்போஷர் ஃப்யூஷன்.* ஒவ்வொரு படத்திலும் நன்றாக வந்த பகுதியை எடுத்துக் கலக்கும் முறை. ஹக்கினோடு வரும் என்ஃப்யூஸ் இதைத்தான் செய்கிறது. படங்களை 16 பிட் டிஃப் ஆக மாற்றி ஹக்கினில் ஏற்றி, பொருத்தி, வெளியீட்டில் 'எக்ஸ்போஷர் ஃப்யூஸ்டு' என்று உள்ள தேர்வைக் குறியிடுங்கள். ஸ்லைடர் விளையாட்டு இல்லாததால் விகாரமாக வருவது அரிது. புதியவர்களுக்கு முதல் மாதம் இதையே சிபாரிசு செய்யலாம்.

*கையால் கலப்பது.* வளைவுக்கு வெளியே வெயில், உள்ளே நிழல் என்று தெளிவாகப் பிரிந்திருக்கும் மகால் போன்ற இடத்துக்கு இதுதான் சுத்தமாக வரும். ஜிம்ப்பில் உள்பக்கம் நன்றாக உள்ள படத்தைக் கீழேயும், முற்றம் நன்றாக உள்ள படத்தை மேலேயும் அடுக்குங்கள். மேல் லேயருக்கு ஒரு மாஸ்க் (வெள்ளை உள்ள இடத்தில் படத்தைக் காட்டி, கறுப்பு உள்ள இடத்தில் மறைப்பது) சேர்த்து, கீழ்ப் படத்தின் கறுப்பு வெள்ளை நகலை அந்த மாஸ்க்கில் ஒட்டுங்கள். கீழ்ப் படத்தில் எங்கே வெளுத்திருக்கிறதோ அங்கே மட்டும் மேல் படம் தெரியும். மாஸ்க்குக்கு காசியன் பிளர், 24 மெகாபிக்சல் படத்தில் 30 பிக்சல் அளவில் தொடங்குங்கள். பிளரே இல்லாவிட்டால் படம் தட்டையாகும், அதிகமானால் வளைவைச் சுற்றி ஒளி கசியும். கசியும் இடத்தில் மட்டும் மென்மையான பிரஷ்ஷால் மாஸ்க்கைத் திருத்துங்கள்.

எந்த வழியில் போனாலும் ஒரு சோதனை: படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்குங்கள். வெயில் எங்கே விழுகிறது, நிழல் எங்கே என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும். தூணும் முற்றமும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால் ஷேடோஸை அளவுக்கு மேல் தூக்கிவிட்டீர்கள், பாதியாகக் குறையுங்கள். சிலருக்கு அந்தக் கோலாகலப் படங்கள்தான் பிடிக்கும், அது அவரவர் விருப்பம். கட்டடத்தை ஆவணமாக எடுப்பவர்களுக்கு உதவாது.

8. கெட்டுப்போகும் இடங்கள்

*கோபுரத்தையோ மரத்தையோ சுற்றி வெள்ளை வளையம்.* டோன் மேப்பிங் (பெரிய வெளிச்ச வித்தியாசத்தைத் திரைக்குள் அடக்கும் வேலை) பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளைத் தனித்தனியாகச் சமன் செய்வதால் வருவது. கிளாரிட்டியையும் ஸ்ட்ரெங்த்தையும் குறையுங்கள். போகாவிட்டால் வானத்தை மட்டும் ஒரே படத்திலிருந்து மாஸ்க்கில் கொண்டுவாருங்கள்.

*தென்னங்கீற்று புகை மாதிரி இருப்பது.* காற்றில் ஆடியது. டீகோஸ்ட் இதில் பெரும்பாலும் தோற்கும். கீற்றுள்ள பகுதியை முழுவதும் வேகமான படத்திலிருந்து எடுத்து ஒட்டுவதே வழி.

*வெள்ளைச் சுவர் சாம்பலாவது.* ஹைலைட்ஸை மைனஸ் 100-க்கு இழுத்ததன் பலன். வெள்ளை வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். ஒயிட்ஸை உயர்த்துங்கள்.

*உள்ளே நீலம், வெளியே மஞ்சள்.* நிழலில் விழுவது வானத்தின் நீல ஒளி, அத்துடன் மஞ்சள் விளக்கும் சேர்ந்தால் மூன்று நிறம். முழுப் படத்துக்கும் ஒயிட் பேலன்ஸை மாற்றினால் ஒன்று சரியாகி மற்றொன்று கெடும். பிரஷ்ஷால் நிழல் பகுதிக்கு மட்டும் சூடு ஏற்றுங்கள். முழுதாகச் சரிசெய்ய வேண்டாம், நிழலில் கொஞ்சம் நீலம் இருப்பது இயல்பு.

*இருட்டில் இரைச்சல்.* மெதுவான படம் போதவில்லை என்று பொருள். மென்பொருளில் தேய்த்தால் சுதை வேலையும் சேர்ந்து தேயும். மறுபடி போய் இன்னும் இரண்டு ஸ்டாப் மெதுவாக ஒன்று எடுத்துச் சேர்ப்பதுதான் மருந்து.

9. சேமிப்பது, அச்சிடுவது

24 மெகாபிக்சல் ரா ஃபைல் ஒன்று சுமார் 25 முதல் 30 எம்.பி. ஐந்து வீதம் பன்னிரண்டு காட்சி என்றால் ஒன்றரை ஜி.பி-க்கு மேல். சேர்க்கும்போது 8 ஜி.பி ராம் திணறும், 16 இருந்தால் நிம்மதி. சேர்த்த டி.என்.ஜி வந்துவிட்டது என்று மூல ரா ஃபைல்களை அழிக்க வேண்டாம். ஒட்டுப் போட அவைதான் தேவைப்படும்.

பகிர்வதற்கு ஜேபெக், நிறவெளி எஸ்.ஆர்.ஜி.பி. வேறு நிறவெளியில் கொடுத்தால் சில திரைகளிலும் லேப்களிலும் நிறம் செத்துப்போகும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருக்கப்பட்டு, நிழல் பகுதிகள் கட்டம் கட்டமாக உடையும்.

அச்சுக்கு வரும்போது, பளிச்சென்ற திரையில் பார்த்த நிழல் காகிதத்தில் இன்னும் இருட்டாக விழும். மூன்றில் ஒரு ஸ்டாப் முதல் அரை ஸ்டாப் வரை வெளிச்சத்தைக் கூட்டி ஒரு நகல் தயாரியுங்கள். 12×18 அளவில் அடிக்கக் கொடுக்கும் முன், அதே லேபில் லேபின் தானியங்கித் திருத்தத்தை நிறுத்தச் சொல்லி 4×6 ஒன்று அடித்து வாங்கி, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.